துலாம்பென் லிபர்ட்டி: 14 டைவ் மட்டும் செய்தவர் இறங்கலாமா?

உப்புக்காற்று (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இது என் முதல் இழை. புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் (ஸ்கூபாவின் முதல்நிலைச் சான்றிதழ்) முடித்தேன், அப்புறம் அந்தமானில் கொஞ்சம். மொத்தக் கணக்கு 14 டைவ். ஆகஸ்டில் பாலி போகிறோம். வீட்டுக்காரருக்குக் கோயிலும் எரிமலையும், எனக்குக் கடல் என்று பாகப்பிரிவினை முடிந்துவிட்டது.

துலாம்பெனில் கரையிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய மூழ்கிய கப்பல் ஒன்று இருக்கிறதாம், லிபர்ட்டி. மேல்பகுதி 5 மீட்டரிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்கிறார்கள். என் அனுபவத்துக்கு இது சரிவருமா? கப்பலுக்குள் நுழையாமல் வெளியே சுற்றிவந்தால் பார்க்க ஏதாவது இருக்குமா, இல்லை காசு வீணா? இன்னொன்று, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசர அவசரமாகக் கட்டித் தள்ளிய லிபர்ட்டி வகைக் கப்பல்தானே இது?

கிள்ளான்வாசி (மலேசியா)

தாராளமாகப் போங்கள் தங்கச்சி. நான் அங்கே எத்தனை முறை இறங்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. கப்பல் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் சாய்ந்து மணல் சரிவில் படுத்திருக்கிறது. கரையிலிருந்து 30, 40 மீட்டர் தூரம்தான். மேல் விளிம்பு 5 மீட்டர், அடியில் மணலைத் தொடும் இடம் 30 மீட்டர் வரை. உங்கள் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. அந்த எல்லைக்குள்ளேயே முக்கால்வாசிக் கப்பலைப் பார்த்துவிடலாம். முதல் டைவில் 15-ஐத் தாண்டவே தேவையில்லை.

பயப்பட வேண்டியது கப்பலைப் பார்த்து இல்லை, கரையைப் பார்த்து. அங்கே மணல் கிடையாது. எரிமலை கொடுத்த கருப்புக் கூழாங்கற்கள், தேங்காய் அளவில், அலை வந்து போகும்போதெல்லாம் காலுக்கடியில் உருளும். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயம், அந்தக் கல்லில் நடப்பது இருக்கிறதே, நான் பார்த்த காயங்களில் பாதிக்கு மேல் இரண்டடித் தண்ணீரில் நடந்தவை. தடித்த அடி உள்ள பூட்ஸ் கண்டிப்பாக வேண்டும். கல்லில் நிற்கும்போதே மாஸ்க் போட்டு, மூச்சு விடும் ரெகுலேட்டரை வாயில் வைத்துவிடுங்கள். பெரிய அலைகள் இரண்டு மூன்று சேர்ந்து வரும், அவை போகட்டும். அமைதியான இடைவெளியில் காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். இடுப்பளவு வந்ததும் மிதந்துகொண்டே காலில் ஃபின் (நீந்தும் துடுப்பு) மாட்டுங்கள். விழுந்தால் எழ முயற்சிக்காதீர்கள். அப்படியே தவழ்ந்து ஆழத்துக்குப் போங்கள். வெட்கம் எல்லாம் பார்க்காதீர்கள், அங்கே எல்லாரும் ஒருநாள் தவழ்ந்தவர்கள்தான்.

சிலிண்டரை நீங்கள் சுமக்க வேண்டாம். ஊர்ப் பெண்கள் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கரையில் வைத்துவிடுவார்கள். ஒரே நடையில் இரண்டு.

முத்துப்பார் (தூத்துக்குடி)

ஒரு துருப்பிடித்த இரும்பைப் பார்க்க விமானம் ஏறிப் போக வேண்டுமா அக்கா? எங்கள் ஊர் ஹார்பரில் வந்து நில்லுங்கள், இலவசமாகவே காட்டுகிறேன் :)

துருவேந்தன் (கொச்சி)

துரு என்றதும் ஆஜராகிவிட்டேன். கப்பல் பொறியாளர் என்பதால் பெயரையே அப்படி வைத்துக்கொண்டவன்.

உப்புக்காற்று அவர்களின் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. இந்தக் குழப்பம் வழிகாட்டிகள் வாயிலிருந்தே வருகிறது. போர்க்காலத்து லிபர்ட்டி வகையில் முதல் கப்பல் கடலில் இறங்கியது 1941 செப்டம்பரில். 1945 முடிவதற்குள் அந்த வகையில் 2,710 கட்டினார்கள். துலாம்பெனில் கிடப்பது அதற்கு ஒரு தலைமுறை மூத்தது. 1918-ல் நியூ ஜெர்சி மாநிலம் கேர்னியில் கட்டப்பட்டது. பெயரே லிபர்ட்டி, அவ்வளவுதான். சுமார் 125 மீட்டர் நீளம். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் குதிரைகளை ஏற்றிக்கொண்டு பிரான்சுக்குப் போன கப்பல் அது. அப்புறம் இருபது வருடம் சாதாரணச் சரக்குக் கப்பல். 1940-ல் அமெரிக்கத் தரைப்படை எடுத்துக்கொண்டது. இது கடற்படைப் போர்க்கப்பல் இல்லை, தரைப்படையின் சரக்குக் கப்பல்.

1942 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு ரயில்வே சாமான்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு வந்தது. 11-ஆம் தேதி லொம்போக் நீரிணைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-166 டார்பிடோ போட்டது. உடனே மூழ்கவில்லை. அமெரிக்க நாசகாரிப் போர்க்கப்பல் பால் ஜோன்ஸும் டச்சு நாசகாரி வான் கெண்ட்டும் கயிறு கட்டி இழுத்தன. பாலியின் வடகரையில் சிங்கராஜா துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எண்ணம். ஆனால் உள்ளே ஏறிய தண்ணீர் அவ்வளவு தூரம் போக விடவில்லை. கையில் கிடைத்த கரையில் ஏற்றிவிடுவோம் என்று துலாம்பெனில் தரைதட்ட வைத்தார்கள்.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 21 வருடம் அந்தக் கப்பல் கரையிலேயே கிடந்தது. சரக்கை இறக்கியாகிவிட்டது, கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றியாகிவிட்டது. 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தது. பிப்ரவரியில் தொடங்கி, மார்ச் 17-ல் உச்சம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வெடிப்பின் நில அதிர்வில்தான் கப்பல் கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போனது. டார்பிடோ செய்யாததை மலை செய்தது. நாம் இன்று டைவ் பண்ணிப் பார்க்கும் கப்பல் மூழ்கியது 1942-ல் இல்லை, 1963-ல். இதை யாராவது வழிகாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், முகம் போகும் போக்கைப் பார்க்கலாம்.

கிள்ளான்வாசி

அருமை. ஒரு திருத்தம் மட்டும் ஐயா. டார்பிடோ போட்ட அன்று அந்த நீர்மூழ்கியின் எண் ஐ-66. 1942 மே மாதம்தான் முன்னால் ஒரு நூறு சேர்த்து ஐ-166 ஆக்கினார்கள். எனக்கு இது ஏன் தெரியும் என்றால், அதுவும் கடைசியில் மூழ்கியது எங்கள் பக்கம்தான். 1944 ஜூலை 17, மலாக்கா நீரிணை, பிரிட்டிஷ் நீர்மூழ்கி டெலிமாக்கஸ் அதை அடித்தது. ஆக, அடித்தவன் எங்கள் ஊர்க் கடலில், அடிவாங்கியது பாலியில்.

துருவேந்தன்

திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். ஐ-66 தான் சரி.

உப்புக்காற்று

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை, நன்றி அண்ணா, நன்றி ஐயா. 1963 விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொன்னேன், "அப்படியென்றால் அது என் எரிமலையின் கணக்கில் வருகிறது" என்கிறார்.

காற்றைப் பற்றி ஒரு சந்தேகம். அந்தமானில் என்னோடு வந்தவர்கள் எல்லாரும் சிலிண்டரில் 70 பார் (காற்றழுத்த அளவு) மிச்சத்தோடு மேலே வருவார்கள், நான் மட்டும் 40. அங்கே எவ்வளவு நேரம் தாங்கும்?

துருவேந்தன்

கணக்குப் போட்டே பார்க்கலாம். அங்கே தருவது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 200 பார் என்றால் 2,200 லிட்டர் காற்று. 50 பார் மிச்சம் வைத்துத் திரும்ப வேண்டும் என்றால் கையில் 1,650 லிட்டர். நீங்கள் கொஞ்சம் அதிகமாக இழுப்பவர், மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வையுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் 40 லிட்டர். 41 நிமிடம் வரும். 20 மீட்டரில் 27 நிமிடம். 30 மீட்டரில் 20 நிமிடம்தான் வரும். அதே கப்பல், அதே சிலிண்டர். அடிப்பக்கம் போனவர் பாதி நேரத்தில் வெளியே வந்துவிடுவார், மேல்பக்கம் இருந்தவர் இன்னும் மீன் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிள்ளான்வாசி

அதோடு ஒரு தனிக் கதையும் சொல்லிவிடுகிறேன், தங்கச்சிக்காக. என் நாலாவது தடவையோ ஐந்தாவதோ. வழிகாட்டி சரக்கு அறைக்குள் நுழைந்து வா என்று கை காட்டினார். எனக்கு அப்போது கப்பலுக்குள் போகும் பயிற்சி எதுவும் கிடையாது, டார்ச் ஒன்றே ஒன்று. ஆனால் லிபர்ட்டி எங்கே பார்த்தாலும் ஓட்டை, பக்கவாட்டில் நீல வெளிச்சம் தெரிகிறது, என்ன ஆகிவிடும் என்று நுழைந்தேன். முன்னால் போனவரின் ஃபின் அடியில் இருந்த வண்டலைக் கிளப்பியது. பத்து எண்ணுவதற்குள் அந்த நீல வெளிச்சம் காணாமல் போனது. டார்ச் அடித்தால் மூடுபனியில் ஹெட்லைட் போட்டது மாதிரி எல்லாம் வெள்ளை. கையை நீட்டினேன், ஒரு இரும்புத் தகடு. அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். மூச்சு மட்டும் நாய் மாதிரி இரைக்கிறது. வண்டல் கொஞ்சம் அடங்கியதும் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்து வெளியே வந்தேன். நுழையும்போது 110 பார், வெளியே வந்து பார்த்தால் 60. உள்ளே இருந்தது நாலு நிமிடமா ஐந்து நிமிடமா தெரியாது.

வழிகாட்டி வெளியே நின்று கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து "ஓகேவா" என்று கேட்கிறார். நானும் ஓகே என்று காட்டினேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

ஆழம் குறைவு, தண்ணீர் வெதுவெதுப்பு, கரை பக்கத்தில், கூட்டம் நிறைய. இதெல்லாம் சேர்ந்து மனதைத் தளர்த்திவிடும். கூரை தலைக்கு மேல் இருந்தால் 8 மீட்டரும் ஆழம்தான்.

முத்துப்பார்

இந்தக் கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் முப்பது வருடம் சங்குகுளி. டைவ் கம்ப்யூட்டரும் கிடையாது, ஒன்றும் கிடையாது, ஒரு நாளைக்கு எத்தனை முறை இறங்கினோம் என்ற கணக்கும் கிடையாது. இடது தோள் மழை வருமுன் சொல்லிவிடும். "அந்த மலேசியாக்காரர் தகட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாரே, அதுதான் அவரை வெளியே கொண்டுவந்தது" என்றார்.

நான் முன்னே போட்டது கிண்டல்தான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அக்கா. ஆனால் உண்மையாகவே கேட்கிறேன், இரும்பில் ஏன் இவ்வளவு மீன்? எங்கள் பக்கம் வான் தீவைக் காப்பாற்றக் கடலில் கான்கிரீட் இறக்கினார்கள், அதிலும் மீன் வந்து அடைகிறது.

துருவேந்தன்

அதே காரணம்தான் தம்பி. பவளத்துக்கு ஒட்டிக்கொள்ள அசையாத கெட்டிப் பரப்பு வேண்டும். துலாம்பென் சரிவு முழுக்கக் கருப்பு எரிமலை மணல், அலையில் நகர்ந்துகொண்டே இருக்கும், அதில் எதுவும் வேர்விடாது. அதன் நடுவில் 125 மீட்டர் இரும்பு. கூடவே லொம்போக் நீரிணை வழியாகப் பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு ஓடும் பெரிய நீரோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாலைவனத்தில் ஒரே ஒரு சத்திரம் இருந்தால் எல்லாரும் அங்கேதானே தங்குவார்கள்?

ஆனால் அந்தச் சத்திரம் இடிந்துகொண்டிருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். வெதுவெதுப்பான, ஆக்சிஜன் நிறைந்த, அலை அடிக்கும் ஆழமில்லாத உப்புத் தண்ணீர் எஃகுக்கு எமன். குளிர்ந்த ஆழத்தில் கிடக்கும் கப்பலைவிட இது வேகமாகக் கரையும். அதன்மேல் உள்ளே போகிறவர்கள் விடும் மூச்சுக் குமிழி கூரைத் தகட்டின் அடியில் சேர்ந்து நிற்கிறது. தண்ணீரும் காற்றும் சேரும் கோட்டில் துரு எப்படிப் பிடிக்கும் என்று கப்பலில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் உள்ளே போவதையே நிறுத்த வேண்டும்.

கிள்ளான்வாசி

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன் ஐயா. அது ஏற்கெனவே திறந்துகிடக்கும் கூடு, குமிழி பெரும்பாலும் ஓட்டை வழியே மேலே போய்விடுகிறது. அலை செய்வதில் பத்தில் ஒரு பங்குகூட நாங்கள் செய்வதில்லை. முதலில் கையால் தொடுவதையும் ஃபின்னால் மிதிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

துருவேந்தன்

பத்தில் ஒரு பங்கு என்பது உங்கள் மதிப்பீடு. அளந்தது இல்லை.

கிள்ளான்வாசி

உங்களுடையதும்தான் :)

மட்டுநகர் (மட்டக்களப்பு)

சண்டைக்கு நடுவில் வருகிறேன், குறை நினைக்க வேண்டாம். துருப்பிடித்துப் போவது ஒருபுறம் இருக்கட்டும், ஆட்கள் வெட்டி எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லையே. ஜாவா கடலில் 1942 பெப்ரவரி 27 சண்டையில் தாண்ட (மூழ்கிய) டச்சுக் கப்பல்கள் டி ரூய்ட்டரையும் ஜாவாவையும் 2016-ல் போய்ப் பார்த்தால் மணலில் பள்ளம்தான் இருந்ததாம். பழைய இரும்புக்காக முழுக் கப்பலையே தூக்கிவிட்டார்கள். அவை மாலுமிகளின் கல்லறைகள். யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை 100 வருடம் தண்ணீருக்குள் கிடந்ததைத்தான் மரபுச் சொத்து என்கிறது. இந்தோனேசியாவின் 2010 சட்டத்தில் 50 வருடம். லிபர்ட்டி தப்பியதற்குக் காரணம் சட்டம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஊர்ச்சனத்துக்கு அதிலே சோறு கிடைக்கிறது. நாள் முழுக்க அதைச் சுற்றி ஆட்கள்.

எங்கள் பக்கமும் அதே 1942-தான். ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அங்கால தாட்டன. அது 50 மீட்டருக்கும் கீழே, உங்களுக்கு வேண்டாம் அக்கா. ஆனால் அதே நாளில் தாண்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கல்குடாப் பக்கம் சுமார் 24 மீட்டரில் கிடக்கிறது. அட்வான்ஸ்ட் என்ற அடுத்த நிலைப் பயிற்சியை முடித்துவிட்டு வாருங்கள். பாலிக்குப் போகிற தூரம் இல்லை.

நீலாம்பல் (சிங்கப்பூர்)

இரண்டு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை. ஒன்று: துலாம்பெனில் பெரிய கிளாத்தி மீன் இருக்கிறது, முட்டையைக் காக்கும் காலத்தில் கடிக்கும், பல் நிஜமாகவே பல். அது தன் கூட்டுக்கு நேர் மேலே கூம்பு மாதிரி உள்ள இடம் முழுவதையும் தனது என்று நினைக்கும். துரத்தினால் மேலே எழும்பாதீர்கள், பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். நான் மேலே எழும்பினேன், ஃபின்னில் இன்னும் பல் தடம் இருக்கிறது.

இரண்டு: டைவ் முடிந்த அன்றே வீட்டுக்காரரோடு கிந்தாமணிக்குக் கிளம்பிவிடாதீர்கள். அது 1,500 மீட்டர் உயரம், உடம்பில் நைட்ரஜன் இருக்கும்போது மலை ஏறுவது விமானம் ஏறுவது மாதிரிதான். எரிமலை நாளை முன்னால் வையுங்கள், கடல் நாளைப் பின்னால் வையுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் 18 மணி நேரமாவது விடுங்கள்.

முத்துப்பார்

அப்பாவுக்கு யாராவது இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

உப்புக்காற்று

வந்துவிட்டேன். நாலு டைவ், நாலும் லிபர்ட்டிதான்.

தெற்கே இருந்து வேன்கள் வந்து சேரும் பத்து மணிக் கூட்டத்தைத் தவிர்க்க முந்தின நாளே துலாம்பெனில் தங்கினோம். முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கரையில் இருந்தோம். ஆகுங் முதுகுப்பக்கம் சாம்பல் நிறத்தில், உச்சி மட்டும் லேசாகச் சிவந்து. அலை சின்னதுதான், ஆனால் கல் பற்றி அண்ணா சொன்னதை நான் பாதிதான் நம்பியிருந்தேன். உள்ளே போகும்போது தேய்த்துத் தேய்த்து ஒழுங்காகப் போனேன். வெளியே வரும்போது ஜெயித்துவிட்டோம் என்று எழுந்து நின்றேன், முழங்கால் போயிற்று. அப்புறம் மூன்று முறையும் தவழ்ந்தேதான் வந்தேன்.

கப்பல் சட்டென்று தெரியவில்லை. கருப்பு மணலில் விலாங்குகள் நாற்றங்கால் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கின்றன, கிட்டே போனால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டே போனால் தண்ணீரின் ஒரு பக்கம் மட்டும் இருட்டாகிக்கொண்டே வருகிறது, அப்புறம்தான் அது சுவர் என்று புரிகிறது. சுவரில் கால் வைக்க இடமில்லாமல் பவளமும் கடல்விசிறியும். எது கப்பல், எது வளர்ந்தது என்று பிரிக்க முடியவில்லை. வழிகாட்டி ஒரு இடத்தில் டார்ச் அடித்து நேர்கோடாக இருந்த ஒன்றைக் காட்டிய பிறகுதான் அது ஏணி என்று தெரிந்தது.

தலையில் பெரிய புடைப்பு உள்ள கிளிமீன் கூட்டம் அப்போதுதான் தூங்கி எழுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் என் அளவில் பாதியாவது இருக்கும். நிஜமாகவே பசுமாடுகள் தொழுவத்திலிருந்து கிளம்புகிற மாதிரி, அவசரமே இல்லாமல். பவளத்தைக் கடிக்கும் சத்தம் தண்ணீரில் கேட்கிறது. பின்னால் மணலாகக் கொட்டிக்கொண்டே போகின்றன. பாரைக் கூட்டம் மேலே சுழன்றுகொண்டே இருந்தது, அதற்கு அடியில் மல்லாந்து கிடந்தேன், கணக்கை மறந்து.

காற்றுக் கணக்கை மறக்கவில்லை ஐயா. 14 மீட்டரைத் தாண்டவில்லை, 38 நிமிடம், 55 பார். சரக்கு அறை வாசலில் வழிகாட்டி கை காட்டினார். நான் கையால் வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சுற்றிவந்தார், அவ்வளவுதான், ஒன்றும் ஆகிவிடவில்லை. கிள்ளான் அண்ணா, அது உங்களுக்காக.

உங்களில் யாரும் எனக்குச் சரியாகச் சொல்லாதது அந்தப் பெண்களைப் பற்றி. என் சிலிண்டரை நானே தூக்கிப் பார்க்கலாம் என்று தோளில் வைத்து நடந்தேன். பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். இருபது அடி போனதும் கீழே வைத்துவிட்டேன். பின்னால் வந்த அம்மாவுக்கு என் அம்மா வயது இருக்கும், ரப்பர் செருப்பு, தலையில் துணிச் சும்மாடு. சிரித்துக்கொண்டே என்னுடையதையும் வாங்கி ஏற்கெனவே இருந்த ஒன்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு அந்தக் கல்லில் நடந்து போனார். ஒரு கையால் பிடிக்கக்கூட இல்லை.

கிள்ளான்வாசி

வேண்டாம் என்று காட்டினீர்களா! இதைவிட என்ன வேண்டும். முழங்காலுக்கு மருந்து போடுங்கள், பவளச் சிராய்ப்பாக இருந்தால் சீக்கிரம் ஆறாது.

மட்டுநகர்

சந்தோஷம் அக்கா. எங்கள் கிழக்குக் கடல் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரைதான் தெளிவாக இருக்கும். அடுத்த வருடத்துக்கு இப்போதே லீவு கேளுங்கள்.

முத்துப்பார்

அப்பாவிடம் முழுசும் படித்துக் காட்டினேன். கிளிமீனுக்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை, அதை அவர் பார்த்திருக்கிறார். கடைசிப் பத்தியை மட்டும் இன்னொரு தடவை வாசி என்றார். அப்புறம் கேட்டார்: அந்த அம்மாவுக்கு ஒரு நடைக்கு எவ்வளவு கூலி?

உப்புக்காற்று

எனக்குக் கேட்கவே தோன்றவில்லை தம்பி.